வண்டியை உயர்த்துமுன்: 'டிராப் பிராக்கெட்' தரும் நன்மையும் தீமையும்

கராடியில் நம்மவர்கள் குடியிருக்கும் எந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் போய்ப் பார்த்தாலும் ஒரு தாரோ, ஜிம்னியோ, கூர்க்காவோ நிற்கிறது. வாரத்தில் ஐந்து நாள் நகர் ரோடு நெரிசலில் ஊர்ந்து செல்லும் இந்த வண்டிகள், சனி ஞாயிறுகளில் தாம்ஹிணி மலைப்பாதைக்கோ, முல்ஷி ஏரிப் பக்கமோ கிளம்பிவிடுகின்றன. தீபாவளி, பொங்கல் என்றால் பெட்டி படுக்கையுடன் தமிழ்நாட்டுக்கே ஓடுகின்றன.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, வண்டிய ரெண்டு இன்ச் தூக்கலாம்னு இருக்கேன். கடைக்காரர், டிராப் பிராக்கெட் போட்டுட்டா ஒரு கோளாறும் வராதுங்கார். நீங்க வண்டித் தொழில்ல இருந்தவங்கல்லா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இயந்திரவியல் படிக்காதவர்களுக்கும், முக்கியமாக அந்த வண்டியில் ஏறி உட்கார வேண்டிய வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

உயர்த்துவது எதற்காக?

கரடுமுரடான பாதையில் வண்டியின் வயிற்றுப் பகுதி கல்லில் இடிக்காமல் இருக்க வேண்டும். பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசாமல் இருக்க வேண்டும். உயர்த்துவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இவை இரண்டும்தான். மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்க்கக் கம்பீரமாக இருக்கும்! அதையும் நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆனால் தொடக்கத்திலேயே ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிம்னி போன்ற வண்டிகளில் இடது வலது சக்கரங்களை ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. இதை ஆக்ஸில் என்கிறோம். அதன் நடுவில் குண்டாகத் தெரிவது டிஃபரன்ஷியல். பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருப்பது இந்தக் குண்டுதான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் உடல் உயரும், சேஸிஸ் உயரும், பம்பர் உயரும். டிஃபரன்ஷியல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. ஜிம்னிக்குத் தொழிற்சாலை சொல்லும் தரை இடைவெளி 210 மி.மீ. ஸ்பிரிங் உயர்த்தியதால் அது 260 மி.மீ. ஆகிவிட்டது என்று நினைப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

பழைய ஜீப்புக்கு இந்தத் தொல்லை இல்லை

வால்பாறையிலும் கொடைக்கானல் மலைப் பக்கமும் எஸ்டேட் ஜீப்புகள் ஏறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அந்தப் பழைய ஜீப்புகளில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தன. சுமையைத் தாங்கின, ஆக்ஸில் முன்னே பின்னே நகராமல் பிடித்தும் வைத்தன. அவற்றை உயர்த்த வேண்டுமென்றால் வளைவு அதிகமான பட்டை போடுவார்கள். கோணத்தைச் சரிசெய்ய ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இரும்புத் துண்டைச் செருகுவார்கள். அத்தோடு வேலை முடிந்தது.

இன்றைய வண்டிகளில் பயணம் சொகுசாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. சுருள் ஸ்பிரிங்குக்குச் சுமை தாங்க மட்டுமே தெரியும். ஆக்ஸிலைப் பிடித்து வைக்கத் தெரியாது. அதற்காகச் சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு நீண்ட இரும்புக் கைகள் கொடுக்கப்படுகின்றன. இவற்றை ஆர்ம் என்கிறோம். நம் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோள் சேஸிஸில் இருக்கிறது, மணிக்கட்டு ஆக்ஸிலில் இருக்கிறது. தோள் இருக்கும் இடத்தில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. பள்ளம் மேடுகளில் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது இந்தக் கை தோளை மையமாகக் கொண்டு மேலும் கீழும் ஆடுகிறது. டிராப் பிராக்கெட்டின் கதை முழுவதும் இந்தத் தோளைப் பற்றியதுதான்.

உயர்த்தினால் என்ன கெடுகிறது?

வண்டியை உயர்த்தும்போது சேஸிஸோடு தோளும் மேலே போகிறது. ஆக்ஸில் கீழேயே இருக்கிறது. அதனால் ஏறத்தாழக் கிடையாக இருந்த கை இப்போது சரிந்து நிற்கிறது. இந்தச் சரிவால் மூன்று தீங்குகள் உண்டாகின்றன.

முதலாவது, ஸ்டீரிங்கின் நிதானம் போகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. மோட்டார் வண்டியின் முன்சக்கரத்திலும் இத்தகைய சாய்வு உண்டு. அதன் பெயர் கேஸ்டர். வளைவில் திரும்பிய பின் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். ஜிம்னியின் முன்பக்கத்தில் கை ஆக்ஸிலோடு இறுகப் பிணைந்தது. கை சரிந்தால் ஆக்ஸிலும் அதே அளவு முன்னோக்கிச் சுழலும். உதாரணமாகக் கையின் நீளம் 650 மி.மீ., உயர்த்தியது 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் கை சுமார் 4½ டிகிரி சரிகிறது. தொழிற்சாலை கொடுத்திருக்கும் கேஸ்டரே பொதுவாகச் சில டிகிரிகள்தான். அதில் பெரும்பகுதி ஒரே நாளில் காணாமல் போய்விடுகிறது! அதன் பிறகு நெடுஞ்சாலையில் வண்டி இப்படியும் அப்படியும் அலையும். ஓட்டுபவர் ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, சவாரி முரடாகிறது. கை கிடையாக இருந்தால், மேட்டில் மோதும் சக்கரம் நேராக மேலே போகும். கை முன்னோக்கிக் கீழே சரிந்திருந்தால், சக்கரம் மேலே போகும்போதே சற்று முன்னோக்கியும் போக வேண்டியிருக்கிறது. அதாவது எந்த மேட்டிலிருந்து விலக வேண்டுமோ, அதன் மீதே போய் முட்டுகிறது. அந்த அடி சேஸிஸ் வழியாக நம் இடுப்புக்கு வந்து சேர்கிறது. "புது ஸ்பிரிங் போட்டும் ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

மூன்றாவது, ரப்பர் புஷ்கள் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிகின்றன.

டிராப் பிராக்கெட் என்பது என்ன?

மேலே போய்விட்ட தோளைப் பழைய உயரத்துக்கே கீழே கொண்டுவரும் இரும்புத் தாங்கியே டிராப் பிராக்கெட். கனமான எஃகுத் தகட்டால் செய்யப்பட்டிருக்கும். அதன் மேற்பகுதி சேஸிஸில் முன்பு கை பூட்டியிருந்த இடத்தில் போல்ட் மூலம் பொருந்தும். கீழ்ப்பகுதியில் கையைப் பூட்டப் புதிய துளை இருக்கும். வண்டியை 50 மி.மீ. உயர்த்தியிருந்தால், துளையும் 50 மி.மீ. கீழே வரும். கை மறுபடியும் கிடையாகிவிடும். தோள் உயர்ந்த அளவுக்கு அதைத் தாழ்த்துவது, அவ்வளவுதான் தத்துவம்.

நன்மைகள்

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் அல்ல. நல்ல பிராக்கெட் நிஜமாகவே சில நன்மைகளைத் தருகிறது.

கேஸ்டர் ஏறத்தாழப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஸ்டீரிங் நேருக்கு வருகிறது.

கையின் சரிவு போய்விடுவதால் மேடு பள்ளங்களில் அந்த முரட்டு அடி குறைகிறது. கேஸ்டரை மட்டும் திருத்தும் மற்ற வழிகளைவிட பிராக்கெட் மேலானது என்று சொல்வதற்கு இதுவே காரணம். துளை மையம் விலகிய புஷ் ஒன்றைப் போட்டும் கேஸ்டரைத் திருத்தலாம். ஆனால் கை சரிந்தபடியேதான் இருக்கும், சவாரி முரடாகவேதான் இருக்கும்.

தொழிற்சாலை கொடுத்த கைகளையே வைத்துக்கொள்ளலாம். புதிய நீண்ட கைகளுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

போல்ட்டால் பூட்டும் வகையாக இருந்தால், வேண்டாமென்று தோன்றும்போது கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம். சேஸிஸில் வெல்டிங் செய்யும் வகைக்கு இந்த வசதி கிடையாது.

தீமைகள்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

முதல் தீமை, எதற்காக உயர்த்தினோமோ அதையே கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். 50 உயர்த்தினோம், 50 தாழ்த்தினோம். அந்த இடத்தில் நிகர லாபம் பூஜ்யம். சில பிராக்கெட்டுகளின் அடிவிளிம்பு துளைக்கும் கீழே நீண்டிருக்கும். அப்போது பழைய நிலையைவிடவும் தாழ்வாகிவிடும். வயிறு, பம்பர், பக்கப் படி ஆகியவை உயர்ந்தது உயர்ந்ததுதான். ஆனால் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு இரும்பு நாக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். சஹ்யாத்ரியின் பாறை கருங்கல். விளிம்பு கூராக, படிப்படியாக இருக்கும். முன்சக்கரம் ஒரு படியில் ஏறி இறங்கியதும் அடுத்து அந்தக் கல்லைச் சந்திப்பது இந்த நாக்குதான். நுனி வழவழப்பாகச் சரிவு கொடுக்கப்பட்டிருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். சதுரமாக இருந்தால் நங்கூரம் போல மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது தீமை நெம்புகோல். முன்பு கையின் விசை சேஸிஸை நேராகத் தாக்கியது. இப்போது 50, 75 மி.மீ. கீழே தொங்கும் ஒரு நுனியைத் தாக்குகிறது. 75 மி.மீ. பிராக்கெட்டின் நுனியில் 500 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னோக்கித் தள்ளுகிறது என்று கொள்வோம். சேஸிஸ் பூட்டில் அது 37½ கிலோ-மீட்டர் முறுக்காக மாறுகிறது. சக்கர நட்டை முடுக்கும் முறுக்கு வழக்கமாக 10 முதல் 12 கிலோ-மீட்டர்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்! அழுத்திப் பிரேக் போடும்போதும், குழியில் விழும்போதும் இந்த முறுக்கு வந்து வந்து போகும். பிராக்கெட்டின் தகடு மெலிதாக இருந்தாலோ, பக்கவாட்டுத் தாங்கு கம்பி இல்லாவிட்டாலோ போல்ட் துளைகள் நீள்வட்டமாகும், நட்டுகள் தளரும், நாளடைவில் சேஸிஸ் பூட்டிலேயே விரிசல் விடும்.

மூன்றாவது, அது எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை. உயர்ந்த வண்டியின் எடை மையம் உயர்ந்தபடியேதான் இருக்கும். வளைவுகளில் சாய்வதும், திடீரென்று ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பினால் கவிழும் அபாயமும் பிராக்கெட்டால் குறைந்துவிடாது. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராட், ஸ்டீரிங் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் ஆகிய இரண்டும் உயர்த்தியதால் சரிந்திருக்கும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது அவசியம். சிலர் பேன்ஹார்டுக்கு மட்டும் ஒரு டிராப் பிராக்கெட் போட்டுவிட்டு டிராக் லிங்க்கை மறந்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீரிங் தானாகத் திரும்பும். இது முன்பிருந்ததைவிட மோசமான நிலை.

நான்காவது, பிரேக் ஹோஸ்கள் இழுபடுவது, இன்ஜின் விசையைக் கொண்டுசெல்லும் ஷாஃப்ட்டின் கோணம் கூடுவது, முகப்பு விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிப்பது ஆகியவற்றுக்கும் பிராக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றைத் தனித்தனியாகத்தான் கவனிக்க வேண்டும். வண்டி தடம் மாறாமல் காக்கும் மின்னணுச் சாதனமும் தொழிற்சாலை உயரத்தை மனதில் வைத்து அமைக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

தார் வைத்திருப்பவர்களுக்கு

2020 அக்டோபரில் வந்த தாரின் அமைப்பு வேறு. அதன் முன்சக்கரங்கள் ஒரே ஆக்ஸிலில் இல்லை. ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டு கைகளில் தனித்தனியே தொங்குகின்றன. பின்பக்கம் மட்டும் சுருள் ஸ்பிரிங்குடன் கூடிய முழு ஆக்ஸில்.

இந்த முன்பக்கத்தை உயர்த்தச் சிலர் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையத் துண்டைச் செருகிவிடுகிறார்கள். அப்போது சக்கரம் கீழே தொங்கும். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் குறுகிய ஷாஃப்ட் சரிந்து, அதன் ரப்பர் உறை மடிந்து மடிந்து கிழியும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண் உள்ளே போகும். மழைக்காலச் சேற்றில் ஓட்டினால் பிறகு அந்த மூட்டு நீண்ட நாள் தாங்காது. இதற்கு மருந்தாக விற்கப்படுவது டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் பிராக்கெட். ஷாஃப்ட்டின் கோணத்தை அது சரியாக்கும். ஆனால் இவ்வகை வண்டியில் உடலோடு சேர்ந்து உயர்ந்திருந்த டிஃபரன்ஷியலை மறுபடி தரைப் பக்கம் இறக்கிவிடும். இங்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான். பெரிய அளவில் உயர்த்துவதென்றால் கீழ்க் கைகளின் பூட்டுகளையும் சேர்த்து இறக்கும் முழு அமைப்பு தேவை. அது அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாருக்குத் தொழிற்சாலையே 226 மி.மீ. தரை இடைவெளி கொடுத்திருக்கிறது. நம் குடும்பங்கள் போகும் எந்த ஏரிக்கரைக்கும் அது தாராளம்.

மாற்று வழிகள்

25, 30 மி.மீ. மட்டும் உயர்த்துகிறவர்களுக்கு பெரும்பாலும் பிராக்கெட் தேவைப்படாது. கேஸ்டர் புஷ் ஒன்றே போதும்.

50 மி.மீ. அளவில் உயர்த்தி, பெரும்பாலும் தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் ஓட்டுபவர்களுக்கு, மூன்று நான்கு வழிகளில் பிராக்கெட்தான் பொருத்தமானது. சொகுசு திரும்பும், தாழ்வாகத் தொங்குவது அவர்களுக்குத் தொல்லையாக இருக்காது.

பாறைகளில் ஏறி இறங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு பிராக்கெட் பகைவன். கோணம் திருத்திச் செய்யப்பட்ட கைகளையோ, நீண்ட கைகளையோ அவர்கள் நாடுவார்கள். கை நீண்டால் அதே உயரத்துக்குச் சரிவு குறையும் என்பது எளிய கணக்கு. ஆனால் செலவு அதிகம். நீண்ட கைகளுக்குச் சேஸிஸில் புதிய பூட்டுகளை வெல்டிங் செய்ய வேண்டியும் வரும்.

நான்காவது வழி ஒன்று உண்டு. எதையும் உயர்த்தாமல், தொழிற்சாலை சொன்ன அதே அளவில் கரடுமுரடான பாதைக்கேற்ற நல்ல டயரும், தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் புதியதும், வயிற்றைக் காக்கும் அடித்தகடும் போட்டுக்கொள்வது. பல வீடுகளுக்கு இதுவே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணான மாற்றங்களுக்கு இடமில்லை என்பது அதன் சாரம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

"எத்தனையோ வண்டி ஓடுதே" என்பது பதிலாகாது. ஒரு வண்டி விற்பனைக்கு வருமுன் பிரேக், ஸ்டீரிங் என்று ஒவ்வொன்றும் அதற்கென அமைந்த நிறுவனங்களில் சோதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நம் புணேயிலேயே வேதாள் குன்றில் இருக்கிறது. 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்தான் அது. அங்கே தேர்ச்சி பெற்றது தொழிற்சாலை உயரத்தில் இருந்த வண்டி. நாம் உயர்த்திய வண்டி அல்ல. விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் பார்ப்பது இதைத்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, நம் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க வழி பிறக்கிறது. ஆகவே கை வைக்குமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதையே 'கூடாது' என்று எடுத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்களுக்கு

உயர்த்திய வண்டியை வாங்கிவிட்டவர்களும் நம்மில் இருக்கலாம். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

சக்கர அலைன்மென்ட் பார்த்துக் கேஸ்டர் எண்ணை அச்சிட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். "நல்லா இருக்கு சார்" என்ற வாய்வார்த்தை போதாது.

பிராக்கெட் பொருத்தி 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ஸ்பேனர் கொண்டு மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும், நீண்ட பயணத்துக்கு முன்பும் பார்க்கச் சொல்லுங்கள்.

கையின் புஷ் போல்ட்டுகளை, வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கினால், இறக்கிய நொடியிலேயே ரப்பர் முறுகிவிடும்.

பிராக்கெட்டைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்து துருக் கோடு தெரிகிறதா, தகட்டின் மூலையில் மயிரிழை விரிசல் உண்டா என்று மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் போடும்போது முன்னாலிருந்து 'டொக்' என்று ஓசை வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

முகப்பு விளக்கின் கோணத்தைத் தாழ்த்தி வையுங்கள். எதிரே வருபவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பிக்கு நான் சொன்னது

இவ்வளவையும் கேட்டுவிட்டு நம் திருநெல்வேலித் தம்பி, "அப்ப போடலாமா வேண்டாமா அண்ணாச்சி?" என்றார்.

"வருஷத்துல எத்தனை நாள் பாறையில ஏறுதீங்க?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "ரெண்டு, மூணு நாள் இருக்கும்" என்றார்.

"ஊருக்கு எத்தனை தடவை போறீங்க?"

"பொங்கலுக்கும் ஆனி மாசம் கோயில் திருவிழாவுக்கும். அம்மாவையும் கூட்டிக்கிட்டுதான்."

புணேயிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,400 கி.மீ. கம்பாட்கி மலை வளைவுகள், கோலாப்பூர், ஹுப்பள்ளி தாண்டி பெங்களூரு. பிறகு கிருஷ்ணகிரி, சேலம், மதுரை. கோவில்பட்டியைத் தாண்டினால் கயத்தாறு. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் அடிக்கும் பக்கக் காற்று காரையே தள்ளும். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் களைத்த கையோடு, கேஸ்டர் குறைந்த, எடை மையம் உயர்ந்த வண்டியில் அந்த இடத்தைக் கடப்பதை நினைத்துப் பாருங்கள் என்றேன். பிராக்கெட் போட்டால் கேஸ்டர் திரும்பும், உயரம் திரும்பாது. மூட்டு வலியுள்ள அம்மா ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு அங்குலம் கூடுதலாக ஏறி இறங்க வேண்டியதும் உண்டு.

டிராப் பிராக்கெட் கெட்ட பொருள் அல்ல. உயர்த்தியதால் வந்த நோய்க்கு அது ஓரளவு நல்ல மருந்து. ஆனால் மருந்து நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் நோயை வரவழைத்துக்கொள்வதில்லையே! வருடத்தில் மூன்று நாள் பாறைக்காக, மற்ற நாட்களின் பயணத்தைப் பணயம் வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

தம்பி இரண்டு வாரம் கழித்து வந்து வண்டியைக் காட்டினார். அதே உயரம், அதே அளவில் புதிய டயர்கள், அடியில் ஒரு காப்புத் தகடு. "மிச்சப் பணத்துல அம்மாவுக்கு ஏறுறதுக்கு ஒரு படி வாங்கிட்டேன் அண்ணாச்சி" என்றார். அந்தப் படியைக் காலால் அழுத்திப் பார்த்தேன். ஆடாமல் நின்றது.

வண்டி பற்றி உங்கள் வீட்டிலும் இத்தகைய கேள்விகள் இருந்தால் இதழ்க் குழுவுக்கு எழுதுங்கள். தெரிந்தவரையில் அடுத்த இதழ்களில் பதில் சொல்ல முயல்கிறேன். அனைவரும் ஊருக்குப் பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.